கஞ்சி போட்ட சட்டை

துறைமுகச் சுங்க அதிகாரி தவசிமுத்துவின் வெள்ளைச் சட்டை கஞ்சியில் விறைத்து நிற்கும். அவர் அதைவிட விறைப்பு. வெளிநாட்டுத் துணியில் பிளாஸ்டிக் பூச்சு கண்ணுக்குத் தெரிந்தால் வரி கூடும் என்பது சட்டம்.

"உன் துணியில பூச்சு பளபளன்னு தெரியுதே. கூடுதல் வரியைக் கட்டு, இல்லைன்னா சரக்கு இங்கேயே மட்கட்டும்" என்றார்.

சட்டையும் மழைக்கோட்டும் தைக்கும் ஜெபஸ்தியான் இரண்டு வெள்ளைத் துண்டுகளைப் பணிவாக நீட்டினார். "இதுல ஒண்ணுதான் சார் கப்பல்ல வந்தது. எதுன்னு காட்டிட்டீங்கன்னா மறுபேச்சு பேசாமக் கட்டிருதேன்."

பளபளத்த துண்டை அதிகாரி சட்டென்று எடுத்தார். "இந்தா, பூச்சு அப்பட்டமாத் தெரியுதே."

"அது போன மாசம் உங்களுக்குத் தைச்ச சட்டையில மிஞ்சின துணி சார். கஞ்சி போட்டுத் தேய்ச்சுக் கொண்டாந்தேன். இதுக்கு வரியை நீங்க கட்டுதீங்களா, நான் கட்டணுமா?"

சரக்கு அன்றைக்கே வெளியே வந்தது. மறுநாள் அதிகாரி கசங்கிய சட்டையோடு வேலைக்கு வந்தார்.