கிழிகாதியின் குட்டி

ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது மரிய சூசைக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தைந்து வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்ட கால்நடை டாக்டர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குரங்குகளைப் படிக்க மலையேறி வந்திருந்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்த நாச்சியாருக்கு முப்பத்தைந்து.

முதல் நாளே ஒரு சின்னத் தகராறு.

"என்னை சார்னு கூப்பிடாதீங்க மேடம். நான் உங்க மாணவன்."

"அப்ப நீங்களும் மேடத்தை விட்டுடுங்க, சார்."

இருவருமே விடவில்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு துண்டுக் காடு. சுற்றிலும் தேயிலை, நடுவில் தீவு மாதிரி கொஞ்சம் சோலை. அதில் பத்தொன்பது சோலைமந்திகள். கரேலென்ற உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. வளர்ந்த ஆண் ஒன்றே ஒன்றுதான்; அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தார்கள். கிழக்கே தேயிலையைத் தாண்டி, தார்ச்சாலையையும் தாண்டினால் பெரிய காடு.

சூசை வந்த முதல் மழைக்காலத்தில் இரண்டு குட்டிகள் அடுத்தடுத்துச் செத்தன. அவரே அறுத்துப் பார்த்தார். காயமில்லை, விஷமில்லை. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாத உடம்புகள். தைத்து மூடி, காட்டோரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே தகப்பன், ஒரே ரத்தம், அதுதான் கூட்டம் நலிந்துபோகிறது என்று அவர் மனதில் பட்டது. பட்டது அப்படியே ஊன்றிவிட்டது.

குரங்கைத் தொடாமலே அதன் வம்சத்தைப் படிக்க முடியும். மரத்தடியில் விழும் கழிவைச் சின்னப் புட்டியில் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், யாருக்கு யார் தாய், யார் தகப்பன் என்று மரபணு சொல்லிவிடும். சூசை இரண்டு வருஷம் மரத்தடியில் குனிந்தே நடந்தார். கடைசியில் அறிக்கை எழுதினார். குட்டிகள் எல்லாமே மேஸ்திரியின் வாரிசுகள். வெளியிலிருந்து புது ரத்தம் வந்தாக வேண்டும். பெரிய காட்டிலிருந்து ஓர் ஆணைப் பிடித்து, சில மாதம் தனியே வைத்துப் பரிசோதித்து, இங்கே கொண்டுவந்து விட வேண்டும்.

எந்த ஆண் என்பதையும் தேர்ந்துவிட்டார். சாலையோரப் பலா மரத்தில் எப்போதும் தனியாக உட்கார்ந்திருக்கும் ஓர் இளவட்டம். பேர் வாட்ச்மேன். அதன் கழிவையும் அனுப்பிப் பார்த்து, மேஸ்திரிக்கு உறவில்லை என்று உறுதி செய்துகொண்டார். மேலிடத்துக் குழு வாய்மொழியாக அனுமதி தந்துவிட்டது. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கூண்டு வைப்பதாக ஏற்பாடு. அறிக்கையில் நாச்சியாரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவர் அறிக்கையைக் கொண்டுபோனபோது நாச்சியார் காலுறையிலிருந்து அட்டைகளைப் பிடுங்கி உப்பில் போட்டுக்கொண்டிருந்தார். சூசை காகிதங்களை நீட்டிவிட்டு, பல நாளாக உள்ளே கிடந்ததைக் கேட்டார்.

"மேடம், ஒரு ஜீவனுக்கு உதவி பண்றதுக்கு முன்னாடி அதைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்? எல்லாம் தெரிஞ்ச பிறகுதான்னு உட்கார்ந்திருந்தா அதுக்குள்ள அது செத்துப்போயிடுமே."

நாச்சியார் கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையைப் படித்தார். நிதானமாக, ஒவ்வொரு வரியாக. பட்டியல் வந்த இடத்தில் விரல் நின்றது.

"குரங்கு பத்தொன்பது. இதுல பதினெட்டுதான் இருக்கு."

"ஒரு புட்டி கெட்டுப்போச்சு மேடம். கிழிகாதியோட குட்டி. மேஸ்திரி அதுக்குத் தகப்பனாப் பொருந்தலை. வேற எதாவது கலந்திருக்கும். அதை எடுத்துட்டேன்."

கிழிகாதி என்பது இடது காது கிழிந்த ஒரு தாய்க்குரங்கு.

"அந்தக் குட்டி உயிரோட இருக்கா?"

"நல்லா இருக்கு. இருக்கறதுலயே அதுதான் கொழுகொழுன்னு இருக்கு."

"அப்ப இதுல ஏன் இல்லை, சார்?"

அறிக்கையை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நாச்சியார் அடுத்த காலுறையை எடுத்துக்கொண்டார்.

சூசைக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷத்தில் ஒருவரும் அவருடைய மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை. மறுநாள் காலை, கிழிகாதி உட்கார்ந்திருந்த மரத்தடியில் போய் நின்றார்.

குட்டியின் கழிவைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. அது எந்நேரமும் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எது தாயுடையது, எது குட்டியுடையது என்று தெரிய, அது தனியாக இறங்கி விளையாடும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். மூன்று நாள் கழுத்து ஒடியப் பார்த்தார். ஒருமுறை மேஸ்திரி மேலேயிருந்து அவர் தலையில் மூத்திரம் பெய்தது. துடைத்துக்கொண்டு நின்றார். வெவ்வேறு நாளில் இரண்டு புட்டிகள் எடுத்து, ஒட்டுத்தாளில் தேதி எழுதி அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இரண்டு புட்டியும் பழைய புட்டி சொன்னதையே சொன்னது.

"தகப்பன் வேற யாரோதான் மேடம்," என்றார் சூசை. குரல் இறங்கியிருந்தது. "ஆனா வேற ஆணே இங்கே கிடையாதே. ரெண்டு வருஷமா பார்க்கிறேன்."

"எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க?"

"காலையில ஆறுல இருந்து பதினொன்னு. அப்புறம் மூணுல இருந்து ஆறு."

"நடுவுல?"

"சாப்பாடு."

நாச்சியார் சன்னல் வழியே தேயிலையைப் பார்த்தார்.

"நானும் அந்த நேரத்துல சாப்பிடத்தான் போறேன் சார். ஏழு வருஷமா."

மறுநாள் சூசை சோற்றுப் பொட்டலத்தோடு போய்த் தேயிலை ஓரத்தில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு மேல், கொழுந்து பறிக்கும் பெண்கள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடக் கிளம்பினார்கள். கடைசியாக வந்த பரிபூரணம் அவரைக் கண்டு நின்றாள்.

"என்னய்யா, இங்க உட்கார்ந்திருக்கீங்க? அந்த ஒத்தைக் கருப்பனுக்கா?"

சூசை நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமாம்மா அதை?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை வருவான். நாங்க எடைக்குப் போன பிறகு. இந்தக் காட்டுல ஆளு நின்னா வரமாட்டான்." தேயிலைப் பாத்தியைத்தான் அவள் காடு என்றாள், தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"இத்தனை நாளா எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்கலையேய்யா. மரத்து உச்சியைப் பார்த்துக்கிட்டே போவீங்க, வருவீங்க."

சொல்லிவிட்டு அவள் சாக்கைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து சூசை ஆள் தெரியாமல் மறைவாக உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் அது வந்தது. முதலில் வால் நுனிக் குஞ்சம்தான் தெரிந்தது, தேயிலைச் செடிகளுக்கு மேலாக நகர்ந்தபடி. மரத்தைவிட்டு இறங்க யோசிக்கும் சாதி அது. இங்கே தரையில், செடிகளுக்கு இடையே இருந்த வெறும் மண்ணில் நாலு காலால் நடந்து வந்தது. பத்தடிக்கு ஒருமுறை எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தது. ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மூச்சு வாங்கியது. பிறகு துண்டுக் காட்டுக்குள் ஏறி மறைந்தது.

வாட்ச்மேன்.

சூசை சோற்றுக் கையைக் கழுவ மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஓட்டமும் நடையுமாக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கணினியைத் திறந்தார். தான் அழித்த அந்த ஒற்றை வரியைத் திரும்பச் சேர்த்தார். வாட்ச்மேனின் வரியை அதன் பக்கத்தில் வைத்தார். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எண்கள், எண்களுக்குக் கீழே எண்கள். எல்லாம் பொருந்தின.

கூண்டு வைக்க நாலு நாள் இருந்தது. இரும்புக் கம்பிக்குள் அடைத்து, ஊசி போட்டு, மாதக்கணக்கில் தனியே வைத்து, வண்டியில் ஏற்றி, அது தானாக நடந்து போய்வரும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாக இருந்தார். அதில் அது பிழைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரு முறை மயக்க ஊசி போட்டு மரத்திலிருந்து இறக்கிய குரங்கு கண் விழிக்காமலே போனதை அவர் தம் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறார்.

கடிதத்தை அவரே எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. 'என் முடிவு தவறு. பொருந்தாத ஒரு மாதிரியை நானே நீக்கினேன். கூண்டு வேண்டாம்.'

குழுவிலிருந்து ஓர் அதிகாரி போனில் கூப்பிட்டார்.

"எல்லாம் ரெடியான பிறகு சொல்றீங்களே டாக்டர். முன்னாடியே தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும் சார். நான்தான் எடுத்துப் போட்டுட்டேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நிறுத்திடறேன்," என்றார் அவர்.

நாச்சியார் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தார். சூசையின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"ரெண்டு வருஷம் போச்சு மேடம்," என்றார் சூசை. "புது ரத்தம் கொண்டுவரேன்னு கிளம்பினேன். அது பாட்டுக்கு நடந்து வந்துட்டு இருக்கு. இனி நான் செய்யறதுக்கு என்ன இருக்கு?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ரோட்டுக்கு வாங்க, சார்."

மறுநாள் இருவரும் பலா மரத்துக்கு எதிரே இருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் மேலே இருந்தது. தேயிலையில் பெண்கள் கலைந்து போனார்கள். அது கீழே இறங்கியது. சாலை விளிம்புக்கு வந்தது. வளைவில் ஒரு வேன் சீறிக்கொண்டு வந்தது. குரங்கு ஒரே தாவலில் மரத்தில் ஏறிக்கொண்டது.

மறுபடியும் இறங்கியது. மோட்டார் சைக்கிள்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஆறு. மறுபடியும் ஏறிக்கொண்டது.

மூன்றாம் முறை அது இறங்கும்போது மேலேயிருந்து பஸ் இறங்கி வரும் சத்தம் கேட்டது. சூசைக்குத் தாங்கவில்லை. எழுந்து ஓடி, மரத்துக்கு நேரே, சாலையின் நட்டநடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பஸ் குலுங்கி நின்றது.

"என்ன டாக்டரே?" டிரைவர் தலையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் அண்ணே. ஒருத்தர் ரோட்டைத் தாண்டணும்."

டிரைவர் மரத்தடியைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். பின்னால் வந்த இரண்டு கார்களும் நின்றன. எதிரே வந்த ஒரு லாரியும் நின்றது. சன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதற்குக் குரங்கைக் காட்டினார்கள்.

வாட்ச்மேன் சாலை விளிம்பில் உட்கார்ந்தது. ஒரு கையைத் தாரின் மேல் வைத்துப் பார்த்தது. எடுத்துக்கொண்டது. நகரவில்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. விரித்த கைகள் தோள்பட்டையில் கடுக்கத் தொடங்கின. கழுத்தில் வியர்வை வழிந்தது. அசையாமல், தலையை மட்டும் திருப்பி, கட்டையில் உட்கார்ந்திருந்த நாச்சியாரைப் பார்த்தார் சூசை.

"வண்டி எல்லாத்தையும் நிறுத்தியாச்சு மேடம். இன்னும் ஏன் தாண்ட மாட்டேங்குது?"

"நீங்க வழியில நிக்கிறீங்க, சார்."