புரட்டிப் போட்ட கல்

கப்பல்கள் ஏறிட்டுப் பார்ப்பதை விட்டு நாற்பது வருஷம் ஆன ஒரு கலங்கரை விளக்கம் கிழக்குக் கடலோரம் நின்றது. அதைச் சுற்றி வேலி போட்டு, புல் வளர்த்து, பூங்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அதன் காலடியில் பாறைகள். கடல் வற்றினால் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அப்படி ஒரு குழியில் ஒரு தட்டைக் கல் கிடந்தது.

கல்லின் வயிற்றுப் பக்கம் ஓர் உளுவை மீன் குடியிருந்தது. பெண் மீன் அங்கே குருணை அரிசி போல முந்நூறு முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விட்டது. காவல் இருந்தது தகப்பன் உளுவை.

"முட்டைக்குள்ள கண்ணு கறுத்துட்டு அண்ணே. இன்னும் ரெண்டே நாளு, எல்லாம் நீந்திப் போயிரும்," என்று அன்று காலையில்கூடக் கல்லிடம் சொல்லியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ஞானதுரை என்பவரும் அவர் மனைவியும் குழியோரம் வந்தார்கள். 'கல்லைப் புரட்டாதீர்' என்று அங்கே ஒரு பலகை நின்றது. ஞானதுரை தோள்பையைக் கழற்றிப் பலகையின் மேல் மாட்டினார். எழுத்து மறைந்தது. குனிந்தார். கல்லைப் புரட்டினார்.

"ஐயே! அடியில என்னங்க அப்பியிருக்கு?"

"பாசியா இருக்கும். தள்ளு, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

எடுத்தார். பூங்கா வாசலில் வாழைக்காய் பஜ்ஜி போடுகிற வாசனை வந்தது. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கல் மல்லாந்து, வயிறு தண்ணீருக்கு மேலே தெரியக் கிடந்தது. முதுகில் ஒட்டியிருந்த சிப்பிகள் மணலில் நசுங்கின. வயிற்றில் ஒட்டியிருந்த முட்டைகள் பிறந்ததிலிருந்து பார்க்காத சூரியனைப் பார்த்தன.

உளுவை வாலால் தண்ணீரை அடித்தது. நாலு சொட்டு முட்டைமேல் விழும். அடுத்த நாலு சொட்டு விழுவதற்குள் காய்ந்துவிடும்.

கல் பலகையைப் பார்த்துக் கத்தியது. "என்னவே, பாத்துக்கிட்டு நிக்கீரு?"

"நான் என் கடமையைச் செஞ்சிட்டேன். எழுதியிருக்குல்லா? படிக்காதது அவங்க தப்பு."

"மூஞ்சியில பையைத் தொங்கவிட்டானே, ஒரு முனகலாவது முனகினீரா?"

"முனக எனக்கு உத்தரவு இல்லை."

கல் கடலைக் கூப்பிட்டது. தூரத்தில் கடல் புரண்டு படுத்தது. "நாலு மணிக்குத்தான் வருவேன். அவசரம்னா நிலாகிட்டச் சொல்லு. எனக்கு மேல அவர்தான்."

மிச்சம் இருந்தது கலங்கரை விளக்கம்தான்.

"அண்ணாச்சி! பச்சைப் பிள்ளைக வேகுது. உம்ம நிழலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தாரும்."

கலங்கரை விளக்கம் கடலைப் பார்த்தபடியே பேசியது. "நிழலா? அது வேப்பமரத்து வேலை. முப்பது மைலுக்கு வெளிச்சம் அடிச்சவன் நான். என் கல்வெட்டைப் படிச்சிருக்கியா? அந்தக் காலத்துல ஒரு கப்பல் உடைஞ்சு முப்பத்தெட்டுப் பேர் முங்கினாங்க. கரையில நின்ன கூட்டம் வேடிக்கை பாத்துது. இனிமே கண்ணு முன்னால ஒரு உயிர் போகக்கூடாதுன்னுதான் என்னைக் கட்டினாங்க."

"வெக்கத்துல கட்டுனதுக்கா வே இம்புட்டுக் கர்வம்?" கல் கேட்டது. "முப்பது மைல் தெரிஞ்ச கண்ணுக்கு முப்பது அடி தெரியலையா? உம்ம மேல பூசியிருக்கே, அது எந்தச் சுண்ணாம்பு? இந்தக் குழிச் சிப்பியை அள்ளிக்கிட்டுப் போய்ச் சுட்ட சுண்ணாம்பு! எங்க பிணத்தைப் பூசிக்கிட்டு வெள்ளையும் சள்ளையுமா நிக்கீரு!"

கலங்கரை விளக்கம் தன்னை அண்ணாந்து படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்காக நிமிர்ந்து நின்றது.

ஓரத்து முட்டைகள் வெளுக்கத் தொடங்கின. உளுவை வாலடிப்பதை நிறுத்தியது. ஒரே துள்ளலில் கல்லின்மேல் ஏறி, ஈர உடம்போடு முட்டைகள்மேல் படுத்துக்கொண்டது. உடம்பு காய்ந்தால் தண்ணீருக்குள் விழும். நனைந்து மறுபடி ஏறும்.

"எறங்குலே, செத்துப் போவே!"

"எறங்குனா இதுக சாவும் அண்ணே."

கல்லால் அழ முடியவில்லை. இரக்கமில்லாதவனுக்குக் கல்நெஞ்சம் என்று பேர் வைத்தவன் எவனோ, அவன் கால் இடறுகிற தூரத்தில் வரமாட்டானா என்று நினைத்தது. ஒரு விரல்கடை புரள முடியாமல், தன் மேலேயே முட்டைகள் ஒவ்வொன்றாய் வெளுப்பதைத் தாங்கிக் கிடந்தது.

ரெண்டரை மணிக்குமேல் வெயில் மேற்கே இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் நிழல் பாறைகளில் நீண்டு நீண்டு வந்து, குழியைத் தொட்டு, கல்லை மூடியது. உளுவை வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு செவுள் மெல்லத் திறந்து மூடியது. முட்டைகளில் பாதிக்குமேல் சோறாய் வெளுத்திருந்தன. மிச்சத்தில் கறுப்புக் கண்கள் அசைந்தன.

கலங்கரை விளக்கம் அப்போதுதான் முதன்முறையாகக் குனிந்து பார்த்தது.

"பாத்தியா? காப்பாத்திட்டேன்ல! இதையும் கல்வெட்டுல பொறிக்கச் சொல்லணும்."

கல் மல்லாந்தபடியே சொன்னது:

"சாஞ்சது சூரியன்வே. நீரு நின்னீரு."