பனங்காட்டு வளைவுப் பேய்

பனங்காட்டு வளைவில் அந்த வருஷம் சாவு ஓயவே இல்லை. வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி அங்கே நின்று வண்டிகளைப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதவைக்கிறாள் என்று ஊரே பேசியது. அவள் சேலைக்கு ஆளாளுக்கு ஒரு கரை சொன்னார்கள். பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை.

மகள் பேர் எழுதிய வேனை ஓட்டும் தளவாய்க்கு மறுநாள் அந்த மகளின் கல்யாணம். பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்த வளைவு வழியாகத்தான் மண்டபம் போக வேண்டும்.  பயந்துபோய் குரு பூரணத்தம்மாவிடம் ஓடினான். அவர் தளவாயைவிடப் பத்து வயது இளையவர்.

“அம்மா, அந்தப் பேயை எப்படியாவது கட்டிப் போடுங்க.”

“நீங்க பாத்திருக்கீயளா, அண்ணாச்சி?”

“என் மச்சினனையே கொண்டுபோயிட்டு. இன்னும் பாக்க வேற செய்யணுமா?”

“மொதல்ல பாப்போம். வண்டிய எடுங்க.”

பொழுது மங்கும் நேரம். அம்மா வளைவில் இறங்கிக்கொண்டார்.

“டீக்கடை வரைக்கும் போயி திரும்பி வாங்க. எப்பவும் வர்ற வேகத்துலயே வரணும். கொறைச்சா அது வராது.”

விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது வேக முள் நூறைத் தாண்டியிருந்தது. வளைவு திரும்பியதும் நடுரோட்டில் வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது.

தளவாய் பிரேக்கில் ஏறி நின்றான். வண்டி கேட்கவில்லை. டயர்கள் அலற, அந்த வெள்ளை கண்ணாடி நிறைய வந்தது. பிறகு காணவில்லை. புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது.

வண்டியை விட்டு இறங்கினான். ரோட்டில் யாரும் இல்லை. ரப்பர் கருகிய வாடை மட்டும் இருந்தது.

“அம்மா!”

ஓரத்துப் பள்ளத்திலிருந்து பூரணத்தம்மா ஏறி வந்தார். வெள்ளைச் சேலை கிழிந்திருந்தது. முழங்கையில் ரத்தம்.

தளவாய் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். “நீங்களா நின்னீங்க? உங்களக் கொன்னிருப்பேனே, தாயி!”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கை ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“அப்ப பேயி வரலையா?” என்று தளவாய் கேட்டான்.

“வந்துச்சே.”

“என் கண்ணுக்குத் தெரியலையே.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? ரோட்டுல நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு கண்ணும் எரிய, அலறிக்கிட்டு எம் மேல வந்துச்சு, அண்ணாச்சி. அது நெத்தியில உங்க மக பேரு எழுதியிருந்துச்சு.”