வெள்ளாயி விழுங்கிய கிட்டார்

வாயில்லா ஜீவன் என்று ஒன்றுகூட இல்லாத அந்தக் காலத்தில், வாத்தியங்கள் மரத்தில் காய்த்தன. ஆற்றோரம் ஒரே ஒரு மரம். ஒரு கிளையில் புல்லாங்குழல் கொத்துக் கொத்தாக, இன்னொரு கிளையில் மேளம், தாழ்ந்த கிளையில் பலாப்பழம் மாதிரி கிட்டார். காவலுக்கு மரங்கொத்தி. எந்த உயிரும் வந்து ஒரு வாத்தியம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால் எடுத்ததுதான், மாற்றித் தரமாட்டார்கள்.

அந்த மரத்தடிக்கு வெள்ளாயி என்ற சிலந்தி தயங்கித் தயங்கி வந்தாள். அப்போது சிலந்திகளுக்கு நூலும் கிடையாது, வலையும் கிடையாது. வெள்ளாயிக்குக் கண் மங்கல், காது சுத்தமாக இல்லை. யார் பேசினாலும் தரை அதிரும் அல்லவா, அந்த அதிர்வைக் காலால் வாங்கித்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒரு முட்டைப் பை. அதை அணைத்துக்கொண்டே நடப்பாள், அணைத்துக்கொண்டே தூங்குவாள். தூக்கம் என்று சொல்வதுதானே தவிர, எங்கே தூங்கினாள்? குளவியை நினைத்தாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். மற்றவர்கள் தரையில் நடந்து வருவார்கள். குளவி காற்றில் வரும். வந்தது தெரிவதற்குள் பிள்ளைகள் போயிருக்கும்.

“குளவி வந்தால் எனக்குச் சொல்ற மாதிரி ஒரு வாத்தியம் இருக்கா அண்ணே?” என்று கேட்டாள்.

மரங்கொத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியம் வாசிக்கத்தான், வாசல் காக்க இல்லை என்றது. இருந்தாலும் இரக்கப்பட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னது. புல்லாங்குழலை ஊத அவளுக்கு மூச்சு போதவில்லை. மேளத்தில் ஏறிக் குதித்தாள், மேளத்துக்கு அது தெரியவே இல்லை.

கடைசியில் கிட்டாரின் நரம்பில் ஒரு காலை வைத்தாள். அந்த நேரம் பார்த்து அக்கரையில் தவளை தன் புது மேளத்தைத் தட்டியது. யாருமே மீட்டாத நரம்பு அவள் காலடியில் சிலிர்த்தது. காற்றில் வந்தது காலுக்குத் தெரிந்தது.

“இதுதான் அண்ணே. இதையே எடுத்துக்கறேன்.”

தவளை தாவி வந்து பார்த்தது. “ஏம்மா, அதோட நரம்பை முறுக்குற ஆணி அளவுகூட நீ இல்லையே. நீ அதை வாசிப்பியா, அது உன்னை வாசிக்குமா?”

அவள் கண்டுகொள்ளவில்லை. மரங்கொத்தி கிட்டாரை வேரடியில் இறக்கி வைத்தது. அன்றே பழக ஆரம்பித்தாள். நரம்பை அழுத்தி அழுத்திக் கால் நுனியெல்லாம் எரிந்தது. ஒரு காலைத் தூக்கினால் இன்னொரு கால் தடுக்கியது. அதற்குமேல் முட்டைப் பை வேறு இடைஞ்சல். கிட்டாரின் நடுவில் இருந்த வட்ட ஓட்டையை எட்டிப் பார்த்தாள். உள்ளே கதகதப்பாக, இருட்டாக இருந்தது. இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று பையை உள்ளே படுக்க வைத்தாள். பாவம், அவளுக்குத்தான் காது இல்லையே. கிட்டார் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறது, அந்தச் சத்தம் அந்த ஓட்டையிலிருந்துதான் கிளம்புகிறது என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?

பாட்டு காடெல்லாம் கேட்டது. அத்தனை நாளும் அவளைத் தேடி அலுத்த குளவி பாட்டைப் பிடித்துக்கொண்டே வந்தது.

வெள்ளாயி ஒரு காலைத் தூக்கிய நேரம், தான் மீட்டாத ஒரு நடுக்கம் நரம்பில் ஓடியது. எல்லாக் கால்களையும் அப்படியே நிறுத்தினாள். நடுக்கம் நிற்கவில்லை. கிட்ட வந்துகொண்டிருந்தது.

ஓட்டைக்குள் பாய்ந்து பையை எடுத்தாள். ஓடியிருக்கலாம். ஆனால் நரம்பு இல்லாமல் ஓடினால், நாளைக்கு அது வரும்போது யார் சொல்வார்கள்? பாதிக் கால்கள் பையைப் பிடித்திருக்க, மீதிக் கால்கள் ஓடுவதற்கு வேண்டியிருக்க, வாய் ஒன்றுதான் மிச்சம். நரம்புகளைக் கடித்து அறுத்தாள். அப்படியே விழுங்கினாள். திரும்பிப் பார்க்காமல் மரமேறினாள்.

குளவி ஓட்டைக்குள் புகுந்து தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அறை பிடித்துவிட்டதால், மண் குழைத்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டது.

உச்சிக் கிளையில் வெள்ளாயி மூச்சு வாங்கினாள். வயிற்றிலிருந்து ஏதோ இழுபட்டது. காலால் பிடித்து இழுத்தாள். விழுங்கிய நரம்புதான், கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிந்து, பளபளவென்று வந்துகொண்டே இருந்தது. கிளைக்குக் கிளை இழுத்துக் கட்டினாள். நடுவில் பையைத் தொங்கவிட்டாள்.

மரங்கொத்திக்கு வருத்தம். “இவ்வளவு நல்ல வாத்தியத்தை ஊமையாக்கிட்டியே தங்கச்சி. ஒருத்தர் காதுக்கும் கேட்கலையே.”

“எனக்குக் கேட்குது அண்ணே. அதோட, இன்னொண்ணும் கேட்குது, கொஞ்சம் இருங்க.”

பைக்குள்ளிருந்து மிக லேசான தட்டல் நூல் வழியாக வந்துகொண்டிருந்தது. பை கிழிந்தது. கடுகு கடுகாகப் பிள்ளைகள் நூலில் ஏறி நடந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் நடையும் அவள் காலுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. அவளுக்கு அழத் தெரியாது. நூலை ஒருமுறை மெல்ல மீட்டினாள். அதிர்வு கிளை வழியாக இறங்கி மரத்தின் வேர் வரை போனது.

அன்று முதல்தான் சிலந்தி எங்கே வலை கட்டினாலும் ஒரு காலை நூலின்மேல் வைத்தபடியே இருக்கிறது. அவ்வப்போது மெல்ல மீட்டவும் செய்கிறது. யார் வருகிறார்கள் என்று கேட்கிறதாம். யாரும் வரவில்லையென்றால், அந்த மரத்துக்கு நன்றி சொல்கிறதாம்.