யாளியை வணங்கிய ராணி

"மேடம், இந்த ராணி கடைசியில ஏன் கும்பிடுதா?"

சங்கரபாண்டியன் கேட்டபோது பேராசிரியர் ஜெசிந்தா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மாணவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆசிரியைக்கு இன்னும் நாற்பதாகவில்லை.

தாலுகா ஆபீஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு மாயாஜாலப் படத்தை ஆராய்ச்சி செய்ய வந்த மனிதர் அவர். வீட்டில் இன்னும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வாரத்துக்குள் ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதிக் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சிப் பதிவும் ரத்தாகிவிடும்.

படத்தில் ஒரு கோட்டை. அதன் வாசலில் யாளி ஒன்று படுத்து உறங்குகிறது. அமாவாசைதோறும் ராணி அதன் முன் குனிந்து வணங்க வேண்டும். தவறினால் விழித்துக்கொண்டு ஊரையே விழுங்கிவிடுமாம்.

கடைசிக் காட்சியில் ராணிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. யாளி எப்போதோ செத்துக் கல்லாகிவிட்டது. ஆனாலும் அவள் குனிந்து வணங்குகிறாள். அத்தோடு படம் முடிகிறது.

"சடங்குதான் மனுசனை ஆட்டி வைக்குதுன்னு ஒரு புத்தகம் சொல்லுது. இல்ல, மனுசன்தான் சடங்கை நடத்துதான்னு இன்னொண்ணு சொல்லுது. ரெண்டுமே ராணிக்குப் பொருந்துது மேடம். எதை எழுத?"

ஜெசிந்தா டீயைக் குடித்து முடித்தார்.

"நான் உள்ள வந்தா எந்திரிக்கீங்களே, ஏன் சார்?"

"நீங்க எனக்கு டீச்சர்லா."

"நாளைக்கு எந்திரிக்காதீங்க."

மறுநாள் ஜெசிந்தா உள்ளே வந்தபோது சங்கரபாண்டியன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ அதிகாரிகளுக்கு எழுந்து பழகிய சர்க்கார் கால்கள், பாவம், சொன்னால் கேட்குமா? எப்படியோ சமாளித்து உட்கார்ந்தே இருந்தார்.

"உங்க இஷ்டத்துக்கு உக்காந்தீங்களா?"

"நீங்க சொன்னீங்கன்னு உக்காந்தேன்."

"அப்ப இதுவும் ஒரு கும்பிடுதான். நாளைக்கு உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

சங்கரபாண்டியனுக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுந்தாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம். ஆனால் நாளைக்குத் தான் என்ன செய்யப்போகிறோம் என்று பார்க்க அவருக்கே ஆவலாகவும் இருந்தது.

அடுத்த நாள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருக்கலாம். ஒன்றும் கெட்டுவிடாது. கோபித்துக்கொள்ளவும் ஆளில்லை.

எழுந்தார். முழங்கால் சுரீரென்றது.

"ஏன் எந்திரிச்சீங்க?"

"தெரியல மேடம். ஆனா முட்டு வலிக்கு."

"முந்தாநாள் எந்திரிச்சப்போ வலிக்கலியா?"

யோசித்தார். மூட்டுவலி வந்து வருடக்கணக்காகிறது.

"வலிச்சிருக்கும். நான் கவனிக்கல."

ஜெசிந்தா உட்காரவில்லை.

"ராணி கும்பிடும்போது கண்ணு மூடியிருக்கா, திறந்திருக்கா?"

சங்கரபாண்டியனுக்குக் காட்சி காட்சியாக மனப்பாடமான படம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் யாளியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

லேப்டாப்பைத் திறந்தார். முதல் அமாவாசை. ராணி கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தாள். அடுத்த அமாவாசையிலும் அப்படியே.

கடைசிக் காட்சிக்கு ஓட்டினார். கல் யாளி. எதிரே ராணி. மெல்லக் குனிந்தாள்.

கண் திறந்திருந்தது.