பொங்கியண்ணனின் மூன்றாவது டப்பா

“ஆறு தடவை ரப்பர் சீல் மாத்திட்டனுங்க அம்மிணி. இன்னும் ஆயில் ஒழுகுது.”

இதைச் சொன்னபோது பொங்கியண்ணனின் குரல் இறங்கியிருந்தது. இறங்கிப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். முப்பது வருசமாக மோட்டார் பம்பு செய்கிறவர். அவர் பட்டறைப் பம்பில் ஒரு சொட்டுக் கசிந்தது என்று கோயம்புத்தூரில் யாரும் சொன்னதில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் கார் பந்தய ஆசை வந்தது. பழைய கார் ஒன்றை வாங்கினார். எஞ்சினைத் தன் கையாலேயே பிரித்துக் கோத்தார். கார் பறந்தது. போகிற வழியெல்லாம் ஆயிலும் சிந்தியது.

போன மாதம் அந்த ஆயிலில் பின்னால் வந்த கார் வழுக்கித் தடுப்பில் மோதியது. ஓட்டியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. இனி ஒரு சொட்டு விழுந்தாலும் களத்துப் பக்கமே வரக்கூடாது என்று பந்தயம் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

எஞ்சின் வேலை என்றால் அந்த வட்டாரத்தில் ஷமீலாதான். சூலூர் ரோட்டில் ஷெட். முப்பத்தோரு வயது, பொங்கியண்ணனின் மகளைவிட இரண்டு வயது சின்னவள். அவளிடம் போய்க் கேட்பதற்கு அவருக்கு ஆறு சீல் தேவைப்பட்டது.

ஷமீலா பானெட்டைத் திறந்தாள்.

எஞ்சின் பளபளவென்று இருந்தது. அதன் தலையிலிருந்து வெளியே வரும் ரப்பர் குழாயின் வாயில் ஒரு பித்தளை அடைப்பு. மயிரிழை பிசகாமல் கடைந்தது.

“இது எதுக்குங்கண்ணா?”

“மொதல்ல அதுலதான் சொட்டுச்சு. அடைச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“பின்னாடி சீல்ல ஒழுகுச்சு. அதை மாத்துனேன்.”

“அப்புறம்?”

“ஆயில் அளக்குற கம்பி பக்கம்.”

ஷமீலா ஒரு ரப்பர் கையுறையை எடுத்தாள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் கையுறையை மாட்டிக் கயிற்றால் கட்டினாள்.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

எஞ்சின் உறுமியது. துவண்டு கிடந்த கையுறை அசைந்தது. ஒவ்வொரு விரலாக எழுந்தது. ஐந்து விரலும் விறைத்து, பொங்கியண்ணன் முகத்துக்கு நேரே நின்றது.

பிறகு டப்பென்று வெடித்தது.

“எங்கிருந்துங்க இத்தனை காத்து?”

“பிஸ்டன் ஓரமா புகை கீழ எறங்கும். பந்தயத்துல முறுக்குற எஞ்சின்ல நெறையவே எறங்கும். போக வழி இல்லீன்னா சீலைத் தள்ளிக்கிட்டு வரும். எத்தனை நல்லா கோத்தாலும் எறங்கும்.”

“அது என்ற தப்புங்களா?”

“இப்ப மூச்சு விட்டீங்களே. அது யார் தப்புங்க?”

பொங்கியண்ணன் பித்தளை அடைப்பைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“அப்ப தெறந்து விட்டாப் போதும்.”

“விடுங்க. ஆயில் ரோட்டுல விழுவும். இன்னொருத்தர் கை முறியும்.”

“அடைச்சா ஒழுகுது. தெறந்தா சொட்டுது. நான் என்னதான் பண்றது?”

“குழாய் நுனியில மாட்ட ஒரு டப்பா பண்ணீட்டு வாங்க.”

டப்பா எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாமல் பானெட்டை மூடினாள்.

மூன்றாம் நாள் அலுமினியத்தில் ஒரு டப்பாவோடு வந்தார். குழாய் சொருக ஒரு வாய். மற்றபடி இறுக்கமான மூடி.

“தண்ணியில முக்கிப் பாத்துட்டனுங்க. ஒரு குமிழி வரலை.”

ஷமீலா டப்பாவின் வாயை அவர் பக்கம் நீட்டினாள்.

“ஊதுங்க.”

ஊதினார். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது.

“இதுவும் அந்த அடைப்புத்தானுங்கண்ணா. கொஞ்சம் பெருசு.”

இரண்டாவது டப்பாவில் மேலே ஒரு துளை போட்டுக்கொண்டு வந்தார். மாட்டி முறுக்கினார்கள். வந்த புகை வந்த வேகத்தில் துளை வழியே பீறிட்டு, அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பொடிப் பொடியாக ஆயிலைத் தெளித்தது.

ஷமீலா சிரிக்கவில்லை. ஒரு பழந்துணியை மட்டும் கொடுத்தாள்.

அதன் பிறகு பொங்கியண்ணன் ஒரு வாரம் ஷெட் பக்கம் வரவில்லை. பந்தயத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அன்று காலை டீக்கடையில் போண்டா வெந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே தகரக் கூண்டு. அதன் வாயில் கம்பி வலை. எண்ணெய்ப் புகை வலையில் முட்டி, நெளிந்து, மேலே போய்விட்டது. வலையின் ஓரத்தில் எண்ணெய் திரண்டு, ஒவ்வொரு சொட்டாகக் கீழே இருந்த கிண்ணத்தில் விழுந்தது.

பொங்கியண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்.

மூன்றாவது டப்பாவுக்குள் குறுக்கும் நெடுக்கும் தகடுகள். நடுவே பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். மேலே காற்றுப் போக்கி. அடியில் ஒரு திருகுக் குழாய். எஞ்சினிலிருந்து டப்பாவுக்கு வரும் ரப்பர் குழாய் முன்பு இருந்ததைப் போல இரு மடங்கு பருமன்.

ஷமீலா பத்து நிமிடம் எஞ்சினை முறுக்கினாள். காற்றுப் போக்கிக்கு மேல் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தாள்.

தாள் படபடத்தது. கறை படவில்லை.

“ம்,” என்றாள்.

அந்த ‘ம்’மைக் கேட்டு ஐம்பத்தெட்டு வயது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தயத்தன்று அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். ஆயில்காரர் என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினைந்து சுற்று. ஐந்தாவது சுற்றில் பாதிப் பேரைத் தாண்டினார். பத்தாவதில் அவருக்கு முன்னால் மூன்று கார்தான். எஞ்சின் திணறவில்லை, புகையவில்லை, கேட்டதையெல்லாம் கொடுத்தது. கடைசி வளைவில் முதல் காரின் உட்பக்கமாக நுழைந்து, ஒரு கை நீளத்தில் முந்தினார்.

களமே எழுந்து நின்றது. ஷமீலா தடுப்புச் சுவரின் மேல் ஏறி நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

சோதிக்கிற அதிகாரி நேராகக் காருக்கு அடியில் படுத்தார். எஞ்சினின் அடிவயிறு முழுக்க வெள்ளைத் துணியால் துடைத்தார். வெளியே வந்து துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“சொட்டுக்கூட இல்லீங்களே. ஒழுக்கை எங்கீங்க அடைச்சீங்க?”

பொங்கியண்ணன் டப்பாவுக்கு அடியில் ஒரு டம்ளரைப் பிடித்துக் குழாயைத் திருகினார். கறுத்த ஆயில் இறங்கி அரை டம்ளர் நிறைந்தது.

அதை அதிகாரியின் கையில் கொடுத்தார்.

“அடைக்கவே இல்லீங்க.”