பவளக்கொடி போன பாதை

மலையடிவாரத்தில் கரும்பும் நெல்லும் விளைகிற கன்னல்நாடு என்று ஒரு நாடு இருந்தது. ரொம்பக் காலத்துக்கு முன்னால் அதை மகரவேந்தன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக எந்தப் பேச்சு காதில் விழுந்ததோ அதுதான் அவனுக்குச் சட்டம்.

அந்தக் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திருமேனிநாதர். பெரிய நிலக்காரர். நிலமில்லாத ஆவுடையப்பன் தனக்குச் சமமாக மந்திரி என்று உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நாட்டுக்கு உழைப்பது புண்ணியம், புண்ணியத்துக்குப் போய் யாராவது கூலி வாங்குவார்களா என்று ஒருநாள் ராசாவிடம் எடுத்துவிட்டார். ராசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றோடு மந்திரிமார் எல்லோருக்கும் சம்பள நெல் நின்றது.

சம்பளம் நின்ற மற்ற மந்திரிகளைக் கவனித்துக்கொண்டவர் மாசிலாமணி என்ற வெல்ல வியாபாரி. பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதென்று எலுமிச்சம்பழம் கொண்டுபோவது வழக்கந்தானே; அந்தப் பழத்துக்குப் பின்னால் நெல்வண்டியும் போயிற்று. பதிலுக்கு அவர் கேட்டது ஒரே ஒரு சட்டம். குடியானவர் யாரும் சொந்தமாக ஆலை வைத்துக் கரும்பு ஆட்டக்கூடாது, அத்தனை கரும்பும் தன் ஆலைக்கே வரவேண்டும். ஏரி மடை திறக்கிற விழாவுக்கு மறுநாள் சபை அதை முடிவு பண்ணுவதாக இருந்தது.

ஆவுடையப்பன் வாசலுக்கும் வண்டி வந்தது. அவன் மனைவி கோமதியின் நகை போய் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியிருந்த நேரம். இறக்கிடவா, திருப்பி அனுப்பவா என்று அவள் கேட்டாள். அவன் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கப் பார்க்க, மாசிலாமணி அப்படியொன்றும் கெட்டவர் இல்லையோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவனுக்குப் பயமாகப் போய்விட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னான்.

மறுநாள் சபையில் எழுந்து, திருமேனிநாதரின் யோசனையை வாயாரப் புகழ்ந்தான். பட்டத்து யானை பவளக்கொடியும் நாட்டுக்குத்தானே உழைக்கிறது, அதற்கு மட்டும் அரண்மனையில் எதற்குக் கவளச் சோறு, கடைத்தெருவில் ஆசையாகக் கொடுப்பதைத் தின்னட்டுமே என்றான். இவனும் வழிக்கு வந்துவிட்டான் என்று திருமேனிநாதருக்குச் சிரிப்பு. ராசாவும் சரியென்றான். பாகன் இருளாண்டிதான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

பத்து நாள் போனது. பவளக்கொடி இளைக்கவில்லை. பழக்கடையில் ஒரு சீப்பு, தேங்காய்க் கடையில் ரெண்டு காய், மாசிலாமணி சரக்கு வைக்கிற கிட்டங்கி வாசலில் கூடை கூடையாக வெல்லம்.

மடை திறக்கும் நாளும் வந்தது. ராசா அம்பாரியில் ஏறினான். நல்ல நேரம் தவறினால் அந்த வருசம் தண்ணீர் நிற்காது என்பது அங்கே நம்பிக்கை. ஏரிக்கரையில் குடியானவர்கள் காத்துக்கிடந்தார்கள். நாற்சந்தியில் வலது பக்கம் ஏரி. பவளக்கொடி இடது பக்கம் திரும்பியது. பழக்கடையில் நின்றது, தேங்காய்க் கடையில் நின்றது. ராசா மேலிருந்து அதட்டினான்.

"அங்குசத்துக்குத் தலையெல்லாம் நல்லா ஆட்டுது மகாராசா. காலுதான் கேக்க மாட்டேங்குது" என்றான் இருளாண்டி.

கடைசியில் மாசிலாமணியின் கிட்டங்கி வாசலில் போய், அம்பாரியில் ராசா இருக்க, மண்டி போட்டுவிட்டது. ஊரே பார்த்தது. அவமானம் தாங்காத ராசா இறங்கி, ஏரிக்கு நடந்தே போனான். நல்ல நேரம் முடிய நொடிப்பொழுதுதான் இருந்தது; எப்படியோ மடை திறந்தாயிற்று. ராசா திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"ஆவுடையப்பா, நீதானே இதைச் செய்தாய்? தலை போகும், தெரியுமா?"

"தெரியும் மகாராசா. ஆனால் யானை தப்பு செய்யவில்லை. சோறு போட்டவன் வாசலுக்குப் போயிற்று. நாளைக்குச் சபையில் எங்களில் பலபேரும் அங்கேதான் போகப்போகிறோம். நாங்கள் மண்டி போட்டால் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

திருமேனிநாதர் முந்திக்கொண்டு, அப்படியானால் சம்பளத்தை ரெட்டிப்பாக்கிவிட்டால் போயிற்று என்றார்.

"வயிறு நிறைந்திருந்தாலும் வெல்லத்தைக் கண்டால் தும்பிக்கை நீளும் ஐயா" என்றான் ஆவுடையப்பன். "அளவாக ஒரு சம்பளப் படி வேண்டும். அதையும் நாங்களே நிர்ணயிக்கக்கூடாது. வரி கட்டுகிற ஊர்க்காரர்கள் சொல்லட்டும். வியாபாரிக்குக் குறையிருந்தால் தாராளமாகப் பேசட்டும், ஆனால் சபையில், எல்லோர் காதிலும் விழப் பேசட்டும். யார் கொடுத்ததைத் தின்றோமோ, அவர் காரியம் வரும்போது நாங்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும்."

மறுநாள் கரும்புச் சட்டம் வந்தது. வண்டி வாங்கியவர்கள் வெளியே போகலாம் என்று ராசா சொன்னான். ஒருவர் இருமினார், ஒருவர் மேல்துண்டைச் சரிசெய்தார், ஒவ்வொருவராக எழுந்தார்கள். திருமேனிநாதர் மட்டும் அசையவில்லை. கொடுத்ததெல்லாம் வீணாகிறதே என்று எரிச்சலில் இருந்த மாசிலாமணி, "அவருக்கு மூணு வண்டி மகாராசா" என்றார். திருமேனிநாதர் தரையைப் பார்த்தபடியே வாசல்வரைக்கும் நடந்தார். காலி ஆசனங்களுக்கு நடுவில் ஆவுடையப்பன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். அவன் கூடாது என்றான், சட்டம் விழுந்துவிட்டது. சம்பளப் படியும் திரும்ப வந்தது, ஊர்க்காரர்கள் சொன்ன அளவில். பவளக்கொடிக்கும்தான்.

ராசா மனம் குளிர்ந்துபோய்த் தன் விரல் மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். ஆவுடையப்பன் கைகட்டி ஒரு அடி பின்னால் போனான்.

"இதை வாங்கிக்கொண்டால், என்றைக்காவது உங்களிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும்போது எனக்கு நாக்கு எழாது மகாராசா."

ராசா மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

அடுத்த மாதமே, மலைமேல் தனக்கொரு வசந்த மாளிகை கட்ட வரி போடலாமா என்று ராசா சபையைக் கேட்டான். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆவுடையப்பன் எழுந்து, வேண்டாம் என்றான். மாளிகை எழும்பவில்லை.